பக்கத்து வீட்டில் விசாரித்தவள்

எஸ்தர் இறந்த செய்தியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். இந்த நினைவு மலரில் அவளைப் பற்றி எழுதும் மற்றவர்கள் தாங்கள் அழுததைச் சொல்வார்கள். நானும் அழுதேன், ஆனால் அது பிறகு.

ஈப்போ புந்தோங்கில் ஜமால் அண்ணன் கடையில் காலை ரொட்டிக்காக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வேலைக்குழுவின் செய்திப் பக்கத்தில், எங்களோடு வேலை செய்யும் அரசி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "எஸ்தர் அக்கா தவறிட்டாங்க." அதற்கு மேலே முந்தைய நாள் எங்கள் தலைவர் போட்டிருந்த செய்தி அப்படியே நின்றது: "சோதனை முடிவு நாளைக்குத் தெரிந்துவிடும். யாருடையது தேறுகிறது, பார்க்கலாம்." அந்தச் சோதனையில் தமிழைப் புரிந்துகொள்ளும் இரண்டு கணினி மொழி மாதிரிகள் போட்டியிட்டன. ஒன்று எஸ்தருடையது, மற்றது என்னுடையது. பரீட்சையில் தேறியவர்கள், தவறியவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் ஒட்டுவார்கள் அல்லவா? அந்தத் தவறுதல் என்றுதான் எனக்குப் பட்டது. எஸ்தர் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்னா தங்கச்சி, நல்ல சேதியா?" என்றார் ஜமால் அண்ணன்.

"ஆமாண்ணே. இன்னொரு ரொட்டி போடுங்க."

ரொட்டி வருவதற்குள் அரசியின் அடுத்த வரி வந்தது. "டிங்கிக் காய்ச்சல் திடீர்னு மோசமாயிருச்சாம். பெரியாஸ்பத்திரியில விடியக்காலையில உயிர் போச்சு. மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு வராங்க." அவள் இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ரொட்டிக்குக் காசைக் கொடுத்துவிட்டு, அதைத் தொடாமல் எழுந்தேன்.

ஒரு சொல்லுக்குத் தனக்கென்று பொருள் இல்லை, பக்கத்தில் நிற்கும் சொற்கள் கொடுப்பதுதான் பொருள் என்று எஸ்தர் ஒன்பது ஆண்டுகள் என்னிடம் வாதாடினாள். நான் ஒருநாளும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அன்று காலை 'தவறிட்டாங்க' என்ற சொல்லுக்கு மேலே சோதனை, முடிவு, தேறுதல் எல்லாம் நின்றன. அவற்றோடு சேர்த்து எனக்குள்ளே இருந்த இன்னொன்றும் நின்றது. அதற்குப் பெயர் பொறாமை. நான் வாசித்த பொருளை அவையெல்லாம் சேர்ந்து கொடுத்தன. அவள் இருந்திருந்தால் இதை விளக்குவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று சொல்லி, மேசையைத் தட்டிச் சிரித்திருப்பாள்.

உங்களில் பலர் எங்கள் ஒலிப்பதிவுக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து உங்கள் பேச்சைக் கொடுத்தவர்கள். எஸ்தரை நீங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாக அறிவீர்கள். நான் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவள். அங்கிருந்து தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம். தலைவர் தஞ்சோங் மாலிமில் இருந்து வாரம் ஒருமுறை வருவார். நம் மலேசியத் தமிழைப் புரிந்துகொள்ளும் ஒரு மொழி மாதிரியைச் செய்வது எங்கள் வேலை. அதற்கு முன்பு நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தமிழில் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் 'இருக்கு' என்று சொன்னால் 'இருக்கிறது என்று சொல்' என்று என் தந்தை திருத்துவார். தமிழைத் தோட்டத்துப் பேச்சிலிருந்து காப்பாற்றுவதுதான் படிப்பு என்று நம்பி வளர்ந்தேன். எஸ்தர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மாதா கோயில் பாடற்குழுவில் பாடி, கணிதத்தில் பட்டம் வாங்கி, தமிழில் 'ர'வுக்கும் 'ற'வுக்கும் வித்தியாசம் தெரியாமலேயே வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

முதல் வாரத்தில் அவள் தட்டச்சு செய்த ஒரு வரியைப் பார்த்தேன். 'ஞாயித்துக்கிழமை கோழிக் கரி' என்றிருந்தது.

"இது அடுப்புக்கரி. சாப்பிடுறதுக்குப் பெரிய ற போடணும்," என்றேன்.

"கோழி பக்கத்துல நிக்குதுல்ல டீச்சர்? அப்புறம் என்ன லா பயம்?"

நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நான் டீச்சர். ஒரு சொல்லைக் கொடுத்தால், அதற்கு நெருக்கமான சொற்களை வரிசையாகக் காட்டும் சின்னக் கணினி நிரல் ஒன்றை அவள் எழுதி வைத்திருந்தாள். அதில் 'கரி' என்று மட்டும் போட்டாள். புகை, அடுப்பு, கருப்பு என்று வந்தன. 'கோழிக் கரி' என்று போட்டாள். அதே சொல் இடம் மாறி மசாலா, சோறு, குழம்புக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. என் சிவப்புப் பேனாவுக்கு அங்கே வேலையே இல்லை.

அது எப்படி நடக்கிறது என்பதை அவள் எனக்குச் சொன்ன முறையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன். மாதிரிக்குள் ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் உண்டு, ஊரில் ஒரு வீட்டுக்கு விலாசம் இருப்பதைப் போல. தொடக்கத்தில் அந்த விலாசங்கள் கண்டபடி இருக்கும். நாசி லெமாக் சோறும் நாடாளுமன்றமும் ஒரே தெருவில் குடியிருக்கும். பிறகு ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதில் ஒரு சொல்லை மறைத்துவிட்டு, அது என்னவென்று கேட்பார்கள். மாதிரி தப்பாகச் சொல்லும். தப்பின் அளவுக்கு எண்களைக் கொஞ்சம் நகர்த்துவார்கள். மறுபடி ஒரு வாக்கியம், மறுபடி ஒரு தப்பு, மறுபடி ஒரு நகர்த்தல். இப்படி எண்ணிலடங்காத முறை நடந்த பிறகு பார்த்தால், ஒரே மாதிரியான இடங்களில் வரும் சொற்கள் ஒரே தெருவுக்குக் குடிவந்திருக்கும். யாரும் அவற்றுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்கு மேலே இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒவ்வொரு முறை ஒரு வாக்கியத்துக்குள் நுழையும்போதும், சொல் தன்னைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்துத் தன் இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. கரி கறியானது அப்படித்தான்.

"அப்ப அகராதி எதுக்கு?" என்று நான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஒரு பொண்ணப் பத்தித் தெரியணும்னா அந்த வீட்லயே போயா கேப்ப? அங்க நல்லாத்தான் லா சொல்வாங்க. பக்கத்து வீட்ல விசாரிக்கணும்."

எனக்கு உடனே எரிந்தது. பல ஆண்டுகளாக நான் அகராதிகளோடு வாழ்ந்தவள். எனக்குத் தோன்றாத ஓர் உவமை, ற தெரியாத ஒருத்தியின் வாயில் தானாக வந்து நின்றது. வீட்டுக்குப் போய் அதைவிட நல்ல உவமை ஒன்றைத் தேடினேன். அரிசி, நெல், உமி என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. இப்போதும் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு விளக்க வேண்டி வந்தால் அவளுடையதைத்தான் சொல்கிறேன்.

பேச்சு சேகரிக்கத் தோட்டங்களுக்குப் போவோம். அவள் பிறந்த பக்கத்தில் ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்தார்கள். பழைய ஆட்கள் பக்கத்திலேயே கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளில் இருந்தார்கள். அங்கே அஞ்சலை அக்கா என்று ஒருவர், கீழ்த்தளத்தில் நாசி லெமாக் விற்பவர். முதலில் நான்தான் அவரிடம் பேசினேன். கருவியை இயக்கிவிட்டு, "காலையில என்ன செய்வீங்க, உங்க போக்குல சொல்லுங்க," என்றேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் அதிகாலையில் எழுந்து, இறைவனை வணங்கி, காலை ஆகாரம் தயார் செய்வேன்."

"சாதாரணமா பேசுங்கக்கா."

"சாதாரணமாகவே பேசுகிறேன்."

வண்டியை நிறுத்திவிட்டு எஸ்தர் பின்னால் வந்தாள். அஞ்சலை அக்கா அவளைப் பார்த்ததும் முதுகைத் தளர்த்தி உட்கார்ந்தார்.

"அடியே, பசியாறிட்டியா? மூஞ்சி என்னா இப்படி வத்திப் போயி கெடக்கு?"

"எங்கக்கா பசியாறுறது, இந்த டீச்சர் வண்டிய எங்கயும் நிறுத்த விட மாட்டேங்கிறாங்க."

"டீச்சரா? அதான் நானும் பாத்தேன். பரீட்சைக்கு வந்த மாதிரி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிருச்சு. ஒக்காரு, சம்பல் காரமா இருக்கு, முட்ட ரெண்டு வச்சுக்க."

கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு அஞ்சலை அக்கா பேசியது அத்தனையும் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்று. எஸ்தர் அவரிடம் எதுவும் கேட்கவே இல்லை. சாப்பிட்டாள், சம்பலைக் குறை சொன்னாள், திட்டு வாங்கினாள். நான் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பசித்தது. எனக்கு யாரும் முட்டை வைக்கவில்லை.

நான் பக்கத்தில் நின்றால் அவர்களுடைய தமிழ் மாறுகிறது, அவள் நின்றால் அது அதுவாகவே இருக்கிறது. மாதிரிக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் பக்கத்தில் யார் என்பதுதான் கணக்கு என்று திரும்பி வரும் வழியில் நான் சொல்லியிருக்கலாம். அதை எஸ்தரிடம் சொல்லி அவளுக்கு இன்னொரு வெற்றியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

'லா' விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவள் பல இடங்களில் பேசியிருக்கிறாள். ஆனால் அது எப்படித் தொடங்கியது என்று சொன்னதில்லை. என் பங்கு வேலை, பதிவுகளை எழுத்தாக்கி, நல்ல தமிழாக மாற்றித் தருவது. பேச்சில் ஒட்டிக்கொண்டு வரும் 'லா'வை எல்லாம் நான் நீக்கிவிடுவேன். அது மலாயிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்து ஒட்டிய தூசி, பொருளற்ற அசை என்று நீளமாக ஒரு குறிப்பு எழுதி, எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன். நல்ல குறிப்பு. தலைவர் பாராட்டியிருந்தார்.

எஸ்தர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். மாதிரிக்கு ஒரு வரியைக் கொடுத்து, அடுத்து என்ன வரும் என்று கேட்டிருந்தாள். 'சாப்பாடு வேணாம்' என்று கொடுத்தால், 'ஏன், ஒடம்பு சரியில்லையா?' என்று வந்தது. 'சாப்பாடு வேணாம் லா' என்று கொடுத்தால், 'சும்மா சாப்புடு, கொஞ்சமா போடுறேன்' என்று வந்தது.

"பாத்தியா டீச்சர்? லா போட்டா வேணாம்னு அர்த்தம் இல்ல. இன்னொரு தடவ கேளுன்னு அர்த்தம். இத நான் சொல்லிக் குடுக்கல. இந்தக் கழுதைக்கே தெரிஞ்சிருக்கு."

மாதிரியை அவள் கழுதை என்றுதான் சொல்வாள். எவ்வளவு ஏற்றினாலும் சுமக்குமாம்.

நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்ததிலிருந்து 'லா' கேட்டு வளர்ந்தவள் நான். விருந்து வீடுகளில் 'வேணாம் லா' என்று சொல்லி, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவள். நான் எழுதிய குறிப்பில் இது இல்லை. எஸ்தர் மேல் மட்டும் இல்லை, அந்தக் கழுதை மேலும் எனக்குப் பொறாமை வந்தது. அது மனிதர்களின் பேச்சை வெட்கமில்லாமல் கேட்டிருந்தது. நான் கேட்கும்போதே திருத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் நான் தோற்றுப்போய் ஒதுங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கும் ஒரு வழக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது. தோட்டத்துத் தமிழ் என்று சொல்லி நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் இயந்திரம் நம் பேரில் பேசப்போகிறது என்றால், அது நிமிர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று விரும்பினேன். அஞ்சலை அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டது பொய் இல்லை, அது மரியாதை. எஸ்தர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ளயும் சட்ட பட்டன் போட்டுக்கிட்டுத்தான் ஒக்காரணுமா?" என்றாள். அரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விவாதத்தில் நான் நியாயம் சொல்வேன், அவள் சிரிக்க வைப்பாள்.

ஐந்து ஆண்டுகள் நான் திருத்தித் தூய்மையாக்கிய உரைகளைக் கொண்டு ஒரு மாதிரி, அவள் அப்படியே விட்ட பதிவுகளைக் கொண்டு ஒரு மாதிரி என்று இரண்டைப் பயிற்றுவித்தோம். புந்தோங்கில் ஒரு மருத்துவ நிலையம், தமிழ் மட்டும் தெரிந்த வயதானவர்கள் சொல்வதைக் கேட்டு மருத்துவருக்கு மலாயில் சுருக்கித் தரும் ஏற்பாடு ஒன்றைக் கேட்டிருந்தது. அங்கே ஒன்றுதான் போகும். போகிற மாதிரியை மட்டுமே தொடர்ந்து வளர்க்க முடியும், மற்றது அப்படியே நின்றுவிடும். எனக்கு அந்த முடிவு, என் ஐந்து ஆண்டு வேலை உயிரோடு இருக்குமா என்ற கேள்வி. அதற்கான சோதனையைத்தான் தலைவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த முடிவு வருவதாக இருந்த காலையில்தான் எஸ்தர் போனாள்.

துக்க வீட்டில் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவர் பிரான்சிஸ் லூமுட்டில் படகு எஞ்சின் வேலை பார்ப்பவர், வாரக்கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருபவர். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபீஸ்லேருந்தாக்கா?"

"ஆமா. வாணி."

அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. நான் காத்திருந்தேன். ஒன்பது வருடம் எதிர் மேசை, ஐந்து வருடச் சண்டை. என் பெயர் அந்த வீட்டில் நிறைய அடிபட்டிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"வாணி டீச்சர்," என்றேன்.

"ஓ, சின்ன ர பெரிய ற அக்காவா?" அந்த நேரத்திலும் அவருக்கு முகம் கொஞ்சம் மலர்ந்தது. "சொல்லியிருக்கா. ஆபீஸ்ல ஒரு அக்கா, எழுத்தப் பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு."

"வேற ஏதாச்சும் சொல்வாங்களா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் உண்மையாகவே யோசித்தார்.

"இல்லக்கா. அவ வேலைய வீட்டுக்குக் கொண்டு வர மாட்டா. வந்தா பாட்டுப் போடுவா, சாப்புடுவா, தூங்கிருவா. படுத்த ஒடனே தூக்கம். எனக்கே அதிசயமா இருக்கும். உள்ள போங்கக்கா, காப்பி குடிங்க."

நான் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிறவள் மாதிரி இருந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எத்தனை இரவுகள் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பதில் தேடிக்கொண்டு நான் விழித்திருக்கிறேன். அவள் ஈப்போவின் இன்னொரு மூலையில் படுத்த உடனே தூங்கியிருக்கிறாள். அந்தத் தூக்கத்தின் மேல் வந்த பொறாமையில்தான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தடவி, "நெருங்குன கூட்டாளி போல," என்று யாரிடமோ சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு தலைவர் அழைத்தார்.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்னுதான் வாணி. எழுத்துல உங்களுது மேல, பேச்சுல எஸ்தருது மேல. மொத்தத்துல எது போனாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவங்க இல்ல. நீங்களே ஒன்ன சொல்லிடுங்க, அதையே அனுப்பிடலாம்."

அதாவது, வெற்றி பெற நான் வாயைத் திறந்தால் போதும். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. சிரிக்க வைக்கவும் ஆள் இல்லை.

அலுவலகத்துக்குப் போய் இரண்டு மாதிரிகளின் விடைகளையும் திறந்து வைத்துக்கொண்டேன். ஒரு முதியவர், 'பசியாறாம வந்திருக்கேன் டாக்டர்' என்கிறார். இரத்தப் பரிசோதனைக்கு வந்தவர். எஸ்தருடைய மாதிரி, காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வந்திருக்கிறார் என்று சரியாகச் சொல்லியிருந்தது. என்னுடையது, இவர் பட்டினியால் வாடுகிறார், உணவு உதவி தேவை என்று சொல்லியிருந்தது. காரணம் தெரிந்ததுதான். பதிவுகளில் வந்த 'பசியாறுதல்' எல்லாவற்றையும் நான் 'காலை உணவு உண்ணுதல்' என்று மாற்றியிருந்தேன். ஆகவே என் மாதிரி அந்தச் சொல்லைப் பார்த்ததெல்லாம் அன்னதானம் பற்றிய கட்டுரைகளில் மட்டும். எஸ்தருடையதிலும் கோளாறு இல்லாமல் இல்லை. ஒரு தலைமையாசிரியரின் அழைப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதச் சொன்னால், 'சரி சார் வாரேன் லா' என்று எழுதியிருந்தது. மருத்துவ நிலையத்துக்கு எது தேவை என்பது வெளிப்படை. ஆனால் வாதாட எனக்குத் தெரியும். எழுத்து நிலையானது, பேச்சு மாறும், அடிப்படை உறுதியாக இருந்தால் பேச்சைப் பிறகு சேர்க்கலாம் என்று ஒரு பக்கம் எழுதினால் தலைவர் ஏற்றுக்கொள்வார். மனத்தில் முதல் பத்தி தயாராகிவிட்டது.

அந்த நேரத்தில் என் கை எஸ்தரின் சின்ன நிரலைத் திறந்தது. எழுதப்போகிறவளுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொல்லையே போட்டுப் பார்த்தேன். 'பொறாமை.'

என் மாதிரியில் அதைச் சுற்றி வஞ்சம், பேராசை, கோபம், அழிவு, தீயகுணம் என்று நின்றன. பள்ளிக் கட்டுரைகளிலிருந்தும் மேடைப் பேச்சுகளிலிருந்தும் நான் சேர்த்துக் கொடுத்தவை. அந்தத் தெருவில் நல்லவர்கள் யாரும் குடியில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் என்னை அந்த விலாசத்தில்தான் வைத்திருந்தேன்.

எஸ்தரின் மாதிரியில் போட்டேன். அழகு, ஆசை, தங்கச்சி, சட்டை, கூட்டாளி.

நம்ப முடியாமல் பதிவுகளில் போய்த் தேடினேன். 'ஒன் முடியப் பாத்தா பொறாமையா இருக்கு டீ.' 'எங்கக்கா கைப்பக்குவம் எனக்கு வரல, பொறாமதான்.' 'என் கூட்டாளிக்கு லூமுட்ல வேல கெடச்சிருச்சு, பொறாமையா இருக்கு லா.' நம் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதர், வேறொன்றும் இல்லை. உங்கள் வீடுகளில் நீங்கள் பேசியதுதான் இது. வாய்விட்டுப் பொறாமை என்று சொன்ன இடங்களில், நான் கேட்டவரை, யாரும் எதிரியைப் பார்த்துச் சொல்லவில்லை. பிடித்தவர்களைப் பார்த்துத்தான் சொல்லியிருந்தார்கள், அதுவும் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே. நானும் சொல்லியிருக்கலாம். நல்ல தமிழில் அப்படிச் சொல்ல வழி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தலைவரை அழைத்தேன்.

"எஸ்தரோடத அனுப்புங்க சார்."

"நல்லா யோசிச்சிட்டீங்களா? உங்க வேலை நின்னுரும்."

"தெரியும். அவ உயிரோட இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

அவர் சரி என்றார்.

அவளுடைய மாதிரி இப்போது புந்தோங்கில் வேலை செய்கிறது. அதை வளர்ப்பது என் பொறுப்பு. உங்களிடம் இனி கருவியோடு வரப்போவதும் நான்தான். நான் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்கிறேன். பதிவுகளைக் கேட்கும்போது இன்றும் அவளோடு போட்டிதான் போடுகிறேன். இந்த வாக்கியத்தில் எஸ்தர் எந்தச் சொல்லைக் கேட்டு நின்றிருப்பாள், அவளுக்கு முன்னால் நான் அதைப் பிடித்துவிட முடியுமா என்று பார்க்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான். இதைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை. இதுவரை ஒருமுறைகூட நான் முந்தவில்லை.